ஆறாம் கணக்கின் பின்பக்கம்

தம்பிராசா அண்ணன் கணக்குக் கொப்பியைத் தலைகீழாகப் பிடித்து இரண்டு தரம் உதறினார். எழுத்தெல்லாம் கொட்டிவிட்டால் கணக்கு மட்டும் மிஞ்சும் என்று நினைத்தவர் போல.

"டீச்சர், இது கணக்குக் கொப்பியா, கட்டுரைக் கொப்பியா?"

இடைவேளை மணி அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. தரம் நான்குப் பிள்ளைகள் வெளியே போகாமல் வாசலில் நின்று, எங்களைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய மகள் நிரோஜினி மட்டும் உள்ளே இருந்தாள். கொப்பி அவளுடையது.

அவர் ஒரு பக்கத்தைத் திறந்து வாசித்தார். "'முதல் நான் ஐஞ்சால பெருக்கினன். பிறகு ஏன் பெருக்கினன் எண்டு யோசிச்சன்.' இதுக்கு நீங்க சரி போட்டிரிக்கிறீங்க."

"யோசிச்சதுக்குத்தான் சரி போட்டன், அண்ணன்."

"அடுத்த வருசம் புலமைப்பரிசில் சோதினையில யோசிச்சதுக்குப் புள்ளி குடுப்பாங்களா?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவரிடம் ஒரு கடிதம் இருந்தது. பதினொரு பெற்றோர் ஒப்பமிட்டிருந்தார்கள். தரம் ஐந்துக்கு இந்த வகுப்பை என்னிடம் தரக் கூடாது, பழைய வினாத்தாள் செய்விக்கிற வேறு ஆசிரியரிடம் தர வேண்டும். கடிதத்தின் சாரம் அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் அதிபர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். அதனாலேயே எதையும் தள்ளிப்போடுவார். "தவணைப் பரீட்சை முடியட்டும் டீச்சர். கணக்குப் புள்ளியைப் பாத்து, பெற்றார் கூட்டத்தில முடிவெடுப்பம்," என்றார்.

தரம் ஒன்றிலிருந்து நான் கொண்டுவந்த வகுப்பு அது. இருபத்தாறு பிள்ளைகள்.

அழிறப்பர் இல்லாத வகுப்பு

அந்தப் பாடசாலை ஆற்றின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருந்தது. ஊரின் பெயரை எழுதாமல் விடுகிறேன். அங்கே இன்னும் என்னோடு கதைக்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களை இழக்க விருப்பமில்லை.

எங்கள் பக்கத்துச் சண்டை ஓய்ந்து, வடக்கில் ஓயாதிருந்த காலம். கடல் வந்து மூன்று வருடம் கழிந்திருந்தது. ஆனாலும் கடல் பக்கத்து எழுவான்கரையில், ஆற்றோரமாக, தகரக் கொட்டில்களில் கரையோரக் குடும்பங்கள் இருந்தன. அவர்களுடைய பள்ளிக்கூடம் கடலோடு போய்விட்டது. ஆற்றைக் கடந்தால் எங்களுடையதுதான் கிட்ட. அப்படி என் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள்.

அந்த ஒன்பது பேரும் கணக்கில் ஒரே பழக்கம் வைத்திருந்தார்கள். விடையை எழுதுவார்கள், அழிப்பார்கள், எழுதுவார்கள், அழிப்பார்கள். கடைசியில் தாளில் ஓட்டை விழும். ஓட்டைக்கு நான் என்ன புள்ளி போடுவது?

ஒருநாள் எல்லா அழிறப்பரையும் வாங்கி ஒரு பால்மா ரின்னில் போட்டு அலுமாரியில் வைத்தேன். "பிழைச்சாப் பிழைக்கட்டும். ஒரு கோடு போட்டு, கீழ 'நான் செய்த விதம்' எண்டு தலைப்புப் போட்டு மூண்டு வரி எழுதுங்க," என்றேன்.

வேறு பெரிய திட்டம் எதுவும் என் மனதில் இருக்கவில்லை. கொப்பி கிழியக் கூடாது என்பதுதான்.

முதல் வாரமே நாற்பத்திரண்டில் பதினேழு போனால் முப்பத்தைந்து என்று ஒருவன் எழுதியிருந்தான். கீழே: "ரெண்டில ஏழு போகாது. அதால ஏழில ரெண்டைக் கழிச்சன். ஆருக்கும் நட்டமில்ல." மூன்று வருடமாக அவன் அப்படித்தான் கழித்து வந்திருக்கிறான். நானும் மூன்று வருடமாகச் சிவப்புப் பேனையால் பிழை போட்டு வந்திருக்கிறேன். ஏன் பிழைக்கிறது என்பது இரண்டு பேருக்குமே தெரியாது.

அதற்குப் பிறகு எழுத்து மற்றப் பாடங்களுக்கும் பரவியது. சுற்றாடல் பாடத்துக்கு ஆற்றங்கரையில் ஒரு கம்பு நட்டு, நீர் எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று ஆளுக்கொரு நாள் எழுதினார்கள். "இண்டைக்குத் தண்ணி உப்பு. நக்கிப் பாத்தன். நேத்து இவ்வளவு உப்பு இல்ல. நேத்தும் நக்கினன்." அதிபர் இதை வாசித்துவிட்டு, நக்காமல் எழுத வழியில்லையா என்று கேட்டார்.

உள்ளூர்ப் பிள்ளை ஒருத்தி "எங்கட வட்டையில யானை இறங்கிற்று" என்று எழுத, கொட்டில் பிள்ளைகள் வட்டை என்றால் என்ன என்று கேட்டார்கள். அவள் மறுநாள் அரைப்பக்கம் எழுதி வந்தாள்: வயல் எல்லாம் ஒண்டாச் சேந்து கிடந்தா அது வட்டை, ஒரு வயலுக்கு வட்டை எண்டு சொல்லப்படாது, சொன்னா அப்பா சிரிப்பார். நான் எட்டு வருடம் படிப்பித்து அவ்வளவு தெளிவாக எதையும் விளக்கியதாக நினைவில்லை.

ஜெயந்தனின் இரண்டு வரி

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கடலைப் பற்றி எழுதச் சொல்லி நான் ஒருபோதும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று முதல் நாளே எனக்குள் தீர்மானித்திருந்தேன். ஆனால் பாடத்தில் நீர் வரும். 'நீரின் பயன்கள்' என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னபோது, கொட்டில் பிள்ளைகளில் ஒருவனான ஜெயந்தன், குடிக்க, குளிக்க, நெல் விதைக்க என்று எழுதி, கடைசியில் "கடல் தண்ணி ஒண்டுக்கும் உதவாது" என்று முடித்திருந்தான்.

நான் சரி போட்டேன். வேறெதுவும் எழுதவில்லை.

ஐந்து மாதம் கழித்து அவனாக அந்தப் பழைய பக்கத்துக்குப் போய், அந்த வரிக்கு மேல் ஒரு கோடு இழுத்து, "உப்பு எடுக்கலாம்" என்று எழுதி, என்னிடம் கொண்டுவந்து நீட்டினான். "இதுக்கும் சரி போடுங்க டீச்சர்."

போட்டேன். அன்றைய நாட்குறிப்பில் அதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்திருக்கிறேன். வழக்கமாக ஒரு நாளுக்கு ஒன்பது வரிதான் எழுதுவேன்.

சாவடியில் கணக்குப் பாடம்

நான் களுதாவளையிலிருந்து முதல் பஸ் எடுப்பேன். துறையடிக்கு வரும்போது ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும். அங்கே ஒரு சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் பாதை. இயந்திரம் பூட்டிய பெரிய மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். மோட்டார் சைக்கிள், தயிர்ச் சட்டி, நெல் மூட்டை, ஆசிரியர் எல்லாம் ஒன்றாக அதில் ஏறி ஆற்றைக் கடக்கும். அந்தப் பாதையை ஓட்டியவர் தம்பிராசா அண்ணன்.

வீடு அக்கரையில் என்றாலும், நிரோஜினி விடியவே தகப்பனோடு இக்கரைக்கு வந்து, அதே பாதையில் திரும்பிப் பள்ளிக்கூடம் போவாள். அவளுக்கு அது பொழுதுபோக்கு.

சாவடியில் பெண்களின் பையைப் பார்க்க ஒரு இளம் சிப்பாய் இருந்தாள். என் பையில் இருபத்தாறு கணக்குக் கொப்பி. முதல் நாள் ஒன்றைத் திறந்தாள். இலக்கம் இருந்த இடத்தில் தலையாட்டினாள். கீழே வரி வரியாகத் தமிழ் எழுத்தைக் கண்டதும் புருவத்தைச் சுருக்கினாள்.

"மிஸ், கணக்கு. ஏன் கதை?"

தம்பிராசா அண்ணனும் அவளும் ஒரே கேள்வியைக் கேட்டவர்கள். அவளுக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் கொஞ்சம். பிள்ளைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று பார்க்கிறேன் என்பதை அந்த இரண்டு கொஞ்சத்தாலும் சொல்ல முடியவில்லை. அவள் தினமும் ஏழெட்டுக் கொப்பியைப் பக்கம் பக்கமாகத் திருப்பினாள்.

ஒருநாள் மாட்டிக்கொண்டேன். 'வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் வழி' என்று சுற்றாடல் பாடத்துக்குப் படம் வரைந்து விளக்கம் எழுதச் சொல்லியிருந்தேன். பிள்ளைகள் வெகு நேர்த்தியாகச் சாவடியையும், மண்மூட்டையையும், ஆமிக்காரர் எத்தனை பேர் என்பதையும் வரைந்து கீழே விளக்கமும் எழுதியிருந்தார்கள். அன்று சாவடியின் பெரிய அதிகாரி வந்து, என்னை நாற்பது நிமிடம் மரத்தடியில் நிறுத்தி வைத்தார். கடைசியில் ஒரு படத்தில் தன்னையே கண்டு, மீசையைப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள் என்று சிரித்துவிட்டு என்னைப் போக விட்டார். அதன் பிறகு படம் எல்லாம் பாடசாலை அலுமாரியிலேயே இருந்தது. கணக்குக் கொப்பியை மட்டும் வீட்டில் திருத்தக் கொண்டுபோனேன்.

துறையடிப் பலகையில் 'முதற் பயணம் காலை 6.55' என்று எழுதியிருக்கும். நான் பாதையில் ஏறும்போது தம்பிராசா அண்ணன் எப்போதும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். அதை நாட்குறிப்பில் ஒழுங்காக எழுதி வந்தேன். "பாதை 7.11. தம்பிராசா தேத்தண்ணி." "பாதை 7.14. மீண்டும் தேத்தண்ணி." அவருடைய அசட்டையைப் பற்றி அதிபரிடம் எழுத்து மூலமாக இரண்டு தரம் முறையிட்டும் இருந்தேன்.

ஆறாம் கணக்கு

தவணைப் பரீட்சைக் கணக்குத் தாளை அதிபரே தயாரித்தார். பிள்ளைகளுக்குத் தெரிந்ததாக இருக்கட்டும் என்று, துறையடிப் பலகையைப் பார்த்து ஆறாம் கணக்கை அமைத்திருந்தார்: காலை 6.55 இற்குப் புறப்படும் பாதை ஆற்றைக் கடக்க 20 நிமிடம் எடுக்கும். அது மறுகரையை அடையும் நேரம் யாது?

ஏழே கால். தரம் நான்குக்கு அளவான கணக்கு.

ஆசிரியர் அறையில் இருந்து திருத்தத் தொடங்கினேன். முதல் தாளில் 7.30. பிழை போட்டேன். அடுத்ததில் 7.32. அதற்கடுத்ததில் 7.35. பத்துத் தாள் தாண்டியபோது பேனையை மூடி வைத்தேன். மிச்சத்தைப் புரட்டிப் பார்த்தால், இருபத்தாறு பேரில் நாலு பேர்தான் 7.15 எழுதியிருந்தார்கள். ஐந்தாம் தரம் கைவிட்டுப் போய்விட்டது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

தாள்களை அடுக்கும்போது ஒன்று திரும்பி விழுந்தது. பின்பக்கம் முழுக்க எழுத்து. பரீட்சைத் தாளில் இடம் விடப்படவில்லை என்றதும், பிள்ளைகள் தாளைத் திருப்பி 'நான் செய்த விதம்' என்று தலைப்பும் போட்டு எழுதியிருந்தார்கள்.

ஜெயந்தன்: "பலகையில 6.55 எண்டு இரிக்கி. ஆனா டீச்சர்ட பேக்கை ஆமிக்கார அக்கா பாத்து முடிய 15 நிமிசம் போகும். மழை எண்டா 20. கணக்கில மழை எண்டு சொல்லல்ல. ஆனபடியா 7.10 உம் 20 உம் 7.30."

நிரோஜினி: "அப்பா 6.50க்கே எஞ்சினப் போடுவார். டீச்சர் வரமட்டும் தேத்தண்ணிய ஆத்தி ஆத்திக் குடிப்பார். ஆக்கள் ஏசினா எஞ்சின் சூடாகல்ல எண்டு சொல்லுவார். அது சூடாகித்தான் இரிக்கும். டீச்சரக் கண்ட உடன கோப்பையக் கவிட்டு வைப்பார். விடை 7.32."

இரண்டையும் மூன்று தரம் வாசித்தேன். பிறகு மற்ற இருபத்துநாலையும் திருப்பினேன். ஒருவர்கூடக் கூட்டலில் பிழைக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைப் புரட்டினேன். பாதை புறப்பட்ட நேரம் எல்லா நாளுக்கும் இருந்தது. மழையா வெயிலா என்பது இருந்தது. தேத்தண்ணி இருந்தது. நான் சாவடி தாண்டிப் பாதையில் ஏறிய நேரம் ஒரு நாளுக்கும் இல்லை.

கூட்டம்

பெற்றார் கூட்டத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். பிள்ளைகளின் வாங்கில் பெரியவர்கள் முழங்காலை மடக்கிக் குந்தியிருந்தார்கள். பிள்ளைகள் யன்னல் பக்கம்.

அதிபர் புள்ளிகளை வாசித்தார். ஆறாம் கணக்கில் நாலு பேர் என்றதும் சலசலப்பு. தம்பிராசா அண்ணன் எழும்பினார்.

"நான் சொன்னன்தானே. தெரிஞ்ச பாதை, தெரிஞ்ச ஆறு. அதையே புள்ளையள் பிழை விட்டா, கதை எழுதி என்ன பிரயோசனம்?"

நான் எழும்பி, தாளின் பின்பக்கங்களை வாசிக்க அனுமதி கேட்டேன். நிரோஜினியின் தாளை அடியில் வைத்துவிட்டேன். தகப்பனைச் சபையில் வெட்கப்படுத்த எனக்கு மனமில்லை. ஜெயந்தனுடையதை வாசித்தேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"என்ட மகள் என்ன எழுதியிரிக்கா?" என்றார் தம்பிராசா அண்ணன்.

"அண்ணன், அத நீங்க வீட்ட கொண்டுபோய்..."

"இஞ்சயே வாசிப்பம். ஒளிக்க என்ன இரிக்கி?"

தாளைக் கொடுத்தேன். உரத்துத் தொடங்கினார். "அப்பா ஆறு அம்பதுக்கே எஞ்சினப் போடுவார். டீச்சர் வரமட்டும்..." அங்கே குரல் நின்றது. உதடு மட்டும் அசைந்தது. முடித்துவிட்டுத் தாளை நாலாக மடித்தார்.

தினமும் அந்தப் பாதையில் தயிர் கொண்டுபோகிற பாக்கியம் அக்கா முன் வாங்கில் இருந்தார். பேத்தி என் வகுப்பு. "ஏன் தம்பி நிப்பாட்டிற்றாய்? எஞ்சின் சூடாகல்லயோ?" என்றார்.

அவருக்கு அந்தத் தாளில் இருந்தது தெரியாது. தினமும் கேட்டுச் சலித்த சாக்குப்போக்கைத்தான் திருப்பிச் சொன்னார். ஆனால் யன்னல் பக்கம் இருந்த பிள்ளைகளுக்குத் தெரியும். அவர்கள் சிரித்த சிரிப்பில் விஷயம் ஒரு நிமிடத்தில் சபை முழுக்கப் பரவிவிட்டது.

"அட, அப்ப எஞ்சின் நல்லாத்தான் இரிந்திரிக்கி," என்றார் பாக்கியம் அக்கா. "என்ட தயிர் எத்தின நாள் வெயிலில நிண்டிரிக்கும்."

"டீச்சருக்காக நிப்பாட்டல்ல," என்றார் தம்பிராசா அண்ணன். முகம் சிவந்திருந்தது. "அவ அந்தப் பாதைய விட்டா அடுத்தது எட்டு மணிக்கு. இருபத்தாறு புள்ளையள் சும்மா குந்திக்கிட்டு இரிக்கும். அதுக்காக."

"நான் உங்களப் பத்தி ரெண்டு முறைப்பாடு எழுதியிரிக்கிறன், அண்ணன்," என்றேன். அதைச் சொல்லாமல் உட்கார முடியவில்லை.

"தெரியும். அதிபர் சேர் காட்டினவர்."

அதிபர் கூரையைப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கியபின் தம்பிராசா அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. "கணக்குச் சரி எண்டே வைப்பம். ஆனா சோதினையில இதுக்குப் புள்ளி இல்லயே டீச்சர். அதுக்கு என்ன வழி?"

இந்தத் தடவை பதில் இருந்தது. முந்தின இரவு முழுக்க அதைத்தான் யோசித்திருந்தேன். "இனிமேல் மூண்டு வரியோட இன்னொரு வரி எழுதுவிக்கிறன். தாள் என்ன சொல்லுது, நாங்க கண்டது என்ன எண்டு. விடை எழுதேக்க தாள் சொன்னதை எழுதோணும். மற்றதையும் எழுதலாம், பின்பக்கத்தில."

அவர் யோசித்தார். மடித்த தாளை விரித்து மகளின் கையெழுத்தை இன்னொரு தரம் பார்த்தார்.

"வகுப்பு டீச்சரிட்டயே இரிக்கட்டும், சேர்," என்றார் அதிபரிடம். "ஆனா ஒரு கதை. புள்ளையள் பிழைச்சதுக்கு நானும் டீச்சரும்தான் காரணம். அவ நேரத்துக்கு வரட்டும். நான் நேரத்துக்கு எடுக்கிறன். பலகையில இரிக்கிறமாதிரி ஆத்திலயும் நடக்கட்டும்."

பதினொரு பேரின் கடிதத்தை அதிபர் மேசை லாச்சியில் போட்டார். அதை அவர் பிறகு எடுத்ததாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை

கொப்பிகளை இனிப் பாடசாலையிலேயே இருந்து திருத்துவது என்று முடிவெடுத்தேன். பையில் சோற்றுப் பொதி மட்டும். சிப்பாய்ப் பெண் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "கதை இல்லையா?" என்று கேட்டாள். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுதான் எனக்குப் பட்டது.

6.52 இற்குப் பாதையில் ஏறினேன். தம்பிராசா அண்ணனின் கையில் கோப்பை இல்லை. 6.55 இற்குக் கயிறு அவிழ்ந்தது. பாக்கியம் அக்காவின் தயிர்ச் சட்டி ஒன்றோடொன்று முட்டிக் கிலுங்கியது. ஜெயந்தனும் மற்ற எட்டுப் பேரும் நடுவில் நின்று, என் மணிக்கூட்டையே எட்டி எட்டிப் பார்த்தார்கள். 7.15 இற்கு அக்கரையில் தட்டியது.

இறங்குதுறையில் ஒருவரும் இல்லை. வழக்கமாக நிற்கிற சைக்கிள்காரர் இல்லை, பிட்டு விற்கிறவர் இல்லை. நாங்கள் நடந்தோம். அடுத்த பயணத்துக்கு நேரம் இருந்ததால் தம்பிராசா அண்ணனும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தார்.

பாடசாலை வெளிக்கதவு பூட்டியிருந்தது. உள்ளே ஒரு மாடு படுத்திருந்தது. இத்தனை காலமும் பாதை வந்து சேர்கிற நேரத்தைப் பார்த்துத்தான் அந்த ஊர் எழும்பியிருக்கிறது; அதுதான் அதற்கு ஏழரை.

தம்பிராசா அண்ணன் பூட்டைப் பிடித்து ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். "கணக்கு இப்பச் சரி, டீச்சர்," என்றார். "ஊர்தான் பிழை."

பிள்ளைகள் மதில் ஓரமாக வரிசையாகக் குந்திக்கொண்டார்கள். ஏழு நாற்பதுக்கு அதிபர் திறப்புக் கோர்வையோடு சைக்கிளில் வந்தார். எங்களைத் தூரத்தில் கண்டதும் காலை ஊன்றி இறங்கி, தன் கைமணிக்கூட்டைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார்.